சுவிட்சை அணைத்த பின்னும் கம்பியில் மின்சாரம்: சமுதாயக் கல்லூரி மின்பணிப் பயிற்சி பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

காவிரிப் பாசனப் பகுதியின் சிறு நகரமொன்றில் உள்ள சமுதாயக் கல்லூரியில், வீட்டு மின்பணிப் பிரிவின் பகுதிநேரப் பயிற்றுநராக நான் பணியாற்றிய காலத்தில், ஐப்பசி அடைமழை சற்று ஓய்ந்திருந்த ஒரு காலையில், எங்கள் மாணவர் ஒருவர் குழல்விளக்கின் சோக்கை மாற்றும்போது மின்தாக்கி ஸ்டூலிலிருந்து கீழே விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது; ஆள்காட்டி விரலின் நுனியில் மிளகளவு தீப்புண் இருந்தது. உயிருக்கு ஆபத்தில்லை. அவர் வகுப்பிலேயே கைத்திறன் மிக்கவர், அன்று எங்கள் பாடத்தில் சொல்லித்தந்த முன்னெச்சரிக்கைகளில் பெரும்பாலானவற்றைக் கடைப்பிடித்தவர் என்பதால்தான் இந்த நிகழ்வை முழுமையாக எழுதிவைக்க வேண்டுமென்று எனக்குத் தோன்றியது. கவனக்குறைவான மாணவருக்கு இது நேர்ந்திருந்தால் அவரைக் கண்டித்துவிட்டு நாங்கள் அடுத்த பாடத்துக்குப் போயிருப்போம்.

நடந்தது

மாணவருக்கு அப்போது வயது 19. பத்தாம் வகுப்புடன் பள்ளியை விட்டு, இரண்டாண்டுகள் ஒரு மின் ஒப்பந்ததாரரிடம் சுவரில் காடி வெட்டுவதும் குழாய் பதிப்பதுமாக எடுபிடி வேலை பார்த்துவிட்டு எங்களிடம் சேர்ந்தவர். எட்டு மாத வகுப்பு முடிந்து, பணியிடப் பயிற்சிக்காக அதே நகரின் வேறொரு ஒப்பந்ததாரரிடம் அனுப்பப்பட்டிருந்தார். அன்று காலை ஒப்பந்ததாரர் ஒரு கல்யாண மண்டப வேலையில் இருந்ததால், “சோக்குதானே, நீயே போய் மாத்திட்டு வந்திரு தம்பி” என்று அவரைத் தனியாக அனுப்பினார்.

அது முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஓட்டு வீடு. முன்கூடம் மட்டும் பிற்காலத்தில் தளம் போடப்பட்டது. கூடத்தின் குழல்விளக்கு எரியாமல் மின்னிக்கொண்டே இருந்தது. மாணவர் முதலில் ஸ்டார்ட்டரை மாற்றிப் பார்த்தார். சரியாகவில்லை. சோக்கைத் தொட்டுப் பார்த்ததில் கை வைக்க முடியாத சூடு இருந்ததால், அதுதான் பழுது என்று முடிவு செய்தார், முடிவும் சரியானதே. மெயின் சுவிட்சை அணைக்கப் போனபோது வீட்டு அம்மா தடுத்தார். உள்ளறையில் பெரியவருக்கு மூச்சுத்திணறலுக்கான நெபுலைசர் ஓடிக்கொண்டிருந்தது. “மெயினை மட்டும் அணைக்காதே தம்பி, பத்து நிமிஷம் இவருக்கு முடியட்டும்” என்றார். பத்து நிமிடம் காத்திருக்கலாம் என்று மாணவருக்குத் தோன்றவில்லை. விளக்கின் சுவிட்சை அணைத்து, அந்தச் சுற்றுக்கான ஃபியூஸ் கட்டையையும் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மர ஸ்டூலில் ஏறினார். டெஸ்டரை எடுத்து சோக்கின் முனையில் வைத்துப் பார்த்தார். எரியவில்லை என்று அவருக்குத் தெரிந்தது. இடது கையால் பக்கத்து ஜன்னலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் ஒயரை இழுத்த கணத்தில் மின்சாரம் தாக்கியது.

சுவிட்ச் அணைந்திருந்தது, ஃபியூஸ் கட்டை பையில் இருந்தது, டெஸ்டரும் எரியவில்லை. ஆனாலும் கம்பியில் 230 வோல்ட் இருந்தது.

மறுநாள் அந்த வீட்டில் கண்டது

கல்லூரி முதல்வரும், மேற்பார்வையாளர் தகுதிச் சான்றிதழ் பெற்று ஓய்விலிருந்த மூத்த மின்பணியாளர் ஒருவரும், நானும் மறுநாள் அங்கே சென்றோம். மூத்தவர் கையில் கொண்டுவந்தது ஒரு டெஸ்ட் லாம்ப் மட்டுமே: ஒரு ஹோல்டர், ஒரு குண்டு பல்பு, இரண்டு நீளமான ஒயர்கள். ஃபியூஸ் கட்டைகள் இருந்த பலகையில் ஃபேஸ், அதாவது மின்சாரம் வரும் கம்பி, இருக்க வேண்டிய முனைக்கும் எர்த்துக்கும் (தரையோடு இணைத்த கம்பிக்கும்) இடையே ஒயர்களை வைத்தார். பல்பு எரியவில்லை. மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பிகள் சேரும் இணைப்புக் கட்டைக்கும் எர்த்துக்கும் இடையே வைத்தார். பல்பு முழு வெளிச்சத்துடன் எரிந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் பல்பை இரண்டு முறை எடுத்தெடுத்து வைத்துக் காட்டினார்.

வீடு முழுவதிலும் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தன. விசாரித்ததில், இரண்டாண்டுகளுக்கு முன் வெள்ளையடித்தபோது மெயின் பலகையைத் திண்ணையிலிருந்து உட்சுவருக்கு மாற்றியது தெரியவந்தது. வெளியிலிருந்து வரும் இரண்டு கம்பிகளும் வெயிலில் வெளுத்து ஒரே நிறமாகிவிட்டதால், மறுபடி இணைத்தவர் எது எது என்று சோதிக்காமலே மாட்டியிருக்க வேண்டும். மாட்டிய பிறகு விளக்குகள் எரிந்தன, மின்விசிறிகள் ஓடின, குளிர்சாதனப் பெட்டி இயங்கியது. மாறுதிசை மின்னோட்டத்தில் இயங்கும் வீட்டுக் கருவிகளுக்கு எந்தக் கம்பி வழியாக மின்சாரம் வருகிறது என்பது பொருட்டே அல்ல. அதனால் இரண்டாண்டுகளாக அந்த வீட்டில் யாருக்கும் எந்தக் குறையும் தெரியவில்லை.

தெரியாமல் போனது இதுதான். ஒற்றைமுனை சுவிட்சும் ஃபியூஸும் ஃபேஸ் கம்பியில்தான் இருக்க வேண்டும். எர்த் செய்யப்பட்ட நியூட்ரலைத் தனியே துண்டிக்கும் சுவிட்சோ ஃபியூஸோ இருக்கக் கூடாது என்று 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளின் 32ஆம் விதியே சொல்லியிருந்தது. கம்பிகள் இடம் மாறியதும் அந்த வீட்டின் எல்லா சுவிட்சுகளும் எல்லா ஃபியூஸ்களும் நியூட்ரலைத் துண்டிப்பவையாக மாறிவிட்டன. சுவிட்சை அணைத்தால் விளக்கு அணையும், ஏனெனில் மின்சாரம் திரும்பிப் போக வழியில்லை. ஆனால் அது வரும் வழி திறந்தேதான் இருக்கும். சோக்கு, குழல்விளக்கின் இழை, ஸ்டார்ட்டரின் ஒரு முனை ஆகிய எல்லாம் 230 வோல்ட்டைத் தாங்கிக்கொண்டு காத்திருக்கும். நம் மாணவர் ஃபியூஸ் கட்டையைக் கழற்றியதும் இதே காரணத்தால் பயனற்றுப் போயிற்று. அந்த வீட்டில் ஃபேஸையும் நியூட்ரலையும் ஒருசேரத் துண்டிக்கக்கூடிய கருவி ஒன்றே ஒன்றுதான் இருந்தது: அவர் அணைக்காமல் விட்ட இருமுனை மெயின் சுவிட்ச்.

டெஸ்டர் ஏன் எரியவில்லை என்பதையும் அங்கேயே செய்து பார்த்தோம். நியான் டெஸ்டர் எரிய வேண்டுமானால் பிடித்திருப்பவரின் உடல் வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் தரைக்குச் செல்ல வேண்டும். ரப்பர் செருப்புடன் உலர்ந்த மர ஸ்டூலில் நின்றால் அந்த ஓட்டம் மேலும் சிறுத்து, விளக்கு மங்கும். ஜன்னலுக்குப் பக்கத்தில், மழை விட்ட பிறகு வரும் கூசும் வெளிச்சத்தில், அந்த மங்கல் கண்ணுக்குத் தெரியாது. நான் அதே ஸ்டூலில் ஏறி, உள்ளங்கையால் டெஸ்டரை மறைத்துக்கொண்டு பார்த்தபோது இளஞ்சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தது; கையை எடுத்ததும் தெரியவில்லை. மாணவர் சோதிக்கத்தான் செய்தார். கருவி சொன்னதைக் கேட்கும் நிலையில் அவர் நிற்கவில்லை, அவ்வளவே.

அதே ஸ்டூலும் செருப்பும் அவர் காலிலிருந்து தரைக்கு மின்சாரம் பாயாமல் தடுத்தன. ஆனால் இடது கை பிடித்திருந்த ஜன்னல் கம்பி, பல நாள் மழையில் ஊறிய சுவருக்குள் புதைந்திருந்தது. மின்சாரம் வலது கையில் ஏறி, மார்பைக் கடந்து, இடது கை வழியே இறங்கியது. உடலில் மின்சாரம் பாயும் வழிகளில் இதயத்துக்கு ஆபத்தானவற்றுள் இதுவும் ஒன்று. ஏறத்தாழ 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே பிடித்த பிடியை விட முடியாமல் தசைகள் இறுகத் தொடங்கும். 30 மில்லி ஆம்பியருக்கு மேல் சில நொடிகள் நீடித்தால் இதயத்துடிப்பே குலையக்கூடும். 5 ஆம்பியருக்கு மேல் உருகும் ஃபியூஸ் கம்பி இவ்வளவு சிறிய ஓட்டத்தை அறியவே அறியாது. 30 மில்லி ஆம்பியர் கசிவில் துண்டிக்கும் இ.எல்.சி.பி. கருவி இருந்திருந்தால் இந்த நேரத்தில் இணைப்பைத் துண்டித்திருக்கும். அந்த வீட்டில் அது இல்லை. அவர் தூக்கியெறியப்பட்டு விழுந்ததுதான் அவரைக் காப்பாற்றியது. மணிக்கட்டு முறிந்ததை நாங்கள் நல்வாய்ப்பு என்றே எண்ண வேண்டியிருந்தது.

இப்படிப்பட்ட படிப்பு எங்கிருந்து வந்தது

பயிற்சியின் குறையைப் பேசும்முன், இந்தக் கல்லூரிகள் யாருக்காக ஏற்பட்டன என்பதைச் சொல்ல வேண்டும். 1995இல் புதுச்சேரியிலும் 1996இல் சென்னையிலும் சமுதாயக் கல்லூரிகள் தொடங்கப்பட்டன. இயேசு சபைக் குருவான சேவியர் அல்போன்ஸ் இந்த இயக்கத்தின் முன்னோடி. பள்ளியை இடையில் விட்டவர்கள், மேற்படிப்புக்கு வழியில்லாதவர்கள் ஆகியோருக்கு உள்ளூரிலேயே, குறைந்த கட்டணத்தில், ஓராண்டுக்குள் ஒரு தொழிலைக் கற்பித்து வேலைக்கு அனுப்புவது இவற்றின் நோக்கம். 2002இல் ஏற்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பின்னாளில் இத்தகைய கல்லூரிகளுக்கு அங்கீகாரம் வழங்கியதால், இங்கே படித்தவர்களுக்குப் பல்கலைக்கழகப் பட்டயமும் கிடைத்தது. பாடத்திட்டம் வாழ்க்கைத் திறன், தொழில் திறன், பணியிடப் பயிற்சி, வேலைக்கு ஆயத்தப்படுத்தல் என்ற பகுதிகளாக அமைந்திருக்கும்.

தொழிற்பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரீஷியன் பிரிவு இரண்டாண்டுப் படிப்பு. அதில் பாதிக் காலத்துக்குள் நாங்கள் வீட்டு மின்பணிக்கு வேண்டியதை மட்டும் கற்பிக்கிறோம். இந்தச் சுருக்கத்தில் தவறில்லை; இரண்டாண்டு வருமானமின்றிப் படிக்க முடியாதவர்களுக்காகவே இது ஏற்பட்டது. ஆனால் எதைச் சுருக்கலாம், எதைச் சுருக்கக் கூடாது என்ற தெளிவு எங்களுக்கு இருக்கவில்லை.

பலகையில் கற்றதும் வீட்டில் கண்டதும்

எங்கள் பயிற்சிக்கூடத்தில் மரப்பலகைகள் வரிசையாக நிற்கும். மாணவர்கள் ஒரு சுவிட்சில் ஒரு விளக்கு, படிக்கட்டு வயரிங், கிடங்கு வயரிங், மூன்று பின் சாக்கெட், மின்விசிறி ரெகுலேட்டர் என்று ஒவ்வொன்றாக அமைப்பார்கள். சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். முடித்ததும் நான் வந்து இணைப்பைப் பார்ப்பேன். சரியாக இருந்தால் மின்சாரம் கொடுப்போம். விளக்கு எரிந்தால் மதிப்பெண். நம் மாணவரின் இணைப்புகள் தனியழகு. ஒயரை முறுக்கிய முறையிலேயே அது அவர் கை என்று சொல்லிவிடலாம்.

இந்த முறையில் நாங்கள் எட்டு மாதமாக அவருக்குச் சொல்லாமல் சொல்லித்தந்தது என்னவென்றால், சுவிட்சை அணைத்தால் மின்சாரம் நிற்கும், விளக்கு எரிந்தால் இணைப்பு சரி என்பவைதான். எங்கள் பலகைகளில் அது எப்போதும் உண்மையாகவே இருந்தது. ஆயிரம் முறை உண்மையாக இருந்ததை ஆயிரத்தொன்றாவது முறை ஒருவர் ஐயப்படுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. புதிதாக வயரிங் செய்யும் வேலை நம் மாணவர்களுக்கு மூன்றாம் ஆண்டோ நான்காம் ஆண்டோதான் கைக்கு வரும். முதல் நாளிலிருந்தே கிடைப்பது பழைய வீட்டில் பழுது பார்க்கும் வேலை. அங்கே கண்ணுக்குத் தெரியாத சுவருக்குள், பெயர் தெரியாத பலர் பல காலங்களில் செய்த இணைப்புகள்மீது கை வைக்கிறார்கள். நாங்கள் இதற்கு நேர்மாறான வரிசையில் கற்பித்துவந்தோம்.

விபத்துக்குப் பின் நான் முதலில் செய்தது, கழித்துக்கட்ட வைத்திருந்த பழைய பலகைகளை எடுத்து ஏழு பிழைப் பலகைகள் அமைத்ததுதான். வெளித்தோற்றத்தில் எல்லாம் ஒழுங்காக இருக்கும், எல்லா விளக்குகளும் எரியும். ஒன்றில் அந்த வீட்டைப் போலவே வரும் கம்பிகள் மாறியிருக்கும். இன்னொன்றில் ஒரு சுவிட்ச் மட்டும் நியூட்ரலில் இருக்கும். மூன்றாவதில் எர்த் ஒயர் உறைக்குள்ளேயே அறுந்திருக்கும், அதாவது பச்சை ஒயர் இரண்டு முனையிலும் தெரியும், நடுவில் தொடர்ச்சி இருக்காது. ஓர் ஆணி துளைத்ததால் காப்பு கிழிந்து இரும்புப் பெட்டியைத் தொடும் ஒயர், சாக்கெட்டுக்குள் நியூட்ரலோடு இணைத்துவிட்ட எர்த், நாடா சுற்றி மறைத்த தளர்ந்த முடிச்சு என்று மற்றவை.

மாணவர்களை அதிகம் திகைக்கவைத்தது ஏழாவது பலகை. இரண்டு தனித்தனிச் சுற்றுகள், தனித்தனி ஃபியூஸ்கள், ஆனால் ஒயரை மிச்சப்படுத்த ஒரே நியூட்ரலைப் பகிர்ந்துகொண்டிருக்கும். முதல் சுற்றின் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, அந்தப் பொது நியூட்ரல் முடிச்சை அவிழ்த்தால், இரண்டாம் சுற்றின் விளக்கு வழியாக வந்த மின்சாரம் அவிழ்த்த முனையில் வந்து நிற்கும். நியூட்ரல் கம்பி தொட்டால் ஒன்றும் செய்யாது என்று நம்பி வந்த ஒரு மாணவர், அந்த முனையில் டெஸ்ட் லாம்ப் எரிவதைப் பார்த்துவிட்டு, பலகையின் பின்புறம் போய் நான் வேறு ஏதாவது இணைத்திருக்கிறேனா என்று தேடினார். அன்றைக்கு வகுப்பு மாலை ஆறரை மணிவரை நீண்டது.

இந்தப் பலகைகளுக்குக் கூடுதலாகச் செலவில்லை. செலவானது நேரம். அதற்காகக் கிடங்கு வயரிங்கையும் அலங்கார விளக்கு வரிசையையும் பாடத்திலிருந்து குறைத்தேன். அந்த முடிவில் எனக்கு வருத்தமில்லை.

சோதனையின் வரிசையையும் மாற்றினோம். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் மூன்று பின் சாக்கெட் ஒன்றைப் பார்க்க வேண்டும்: நேரே நின்று பார்த்தால் மேலே எர்த், வலப்பக்கம் ஃபேஸ், இடப்பக்கம் நியூட்ரல். டெஸ்ட் லாம்பை வலப்பக்கத்துக்கும் எர்த்துக்கும் இடையே வைத்தால் எரிய வேண்டும், இடப்பக்கத்துக்கும் எர்த்துக்கும் இடையே வைத்தால் எரியக் கூடாது. அரை நிமிட வேலை. அந்தக் காலையில் இந்த அரை நிமிடம் போதுமானதாக இருந்திருக்கும். அடுத்து, வேலை செய்யும் இடத்தில் மின்சாரம் இல்லை என்று உறுதி செய்யும் முறை: டெஸ்டரை முதலில் மின்சாரம் இருப்பது தெரிந்த இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்து, பிறகு வேலை செய்யும் முனையில் பார்த்து, மீண்டும் தெரிந்த இடத்தில் பார்ப்பது. மூன்றுமே, ஒருவர் நின்று வேலை செய்யப்போகும் அதே ஸ்டூலில், அதே வெளிச்சத்தில் நடக்க வேண்டும். ஒயர்களின் காப்புத்தடையை (உறை வழியே மின்சாரம் கசியாமல் தடுக்கும் அளவை) 500 வோல்ட் மெக்கர் கருவியால் அளப்பதையும், 50ஐ விளக்கு, சாக்கெட் போன்ற மின்புள்ளிகளின் எண்ணிக்கையால் வகுத்து வரும் மெகா ஓம் அளவோடு அதை ஒப்பிடுவதையும் முன்பே கற்பித்துவந்தோம். ஆனால் தேர்வுக்கு முந்திய வாரத்தில், கணக்குப் பாடமாக. அதை இரண்டாம் மாதத்துக்குக் கொண்டுவந்தோம்.

தனியாக அனுப்பப்பட்டது

மேற்கண்டவை எல்லாம் பயிற்சிக்கூடத்துக்குள் சரிசெய்யக்கூடியவை. சரிசெய்யக் கடினமானது வேறு. அந்த மாணவர் அங்கே தனியாக நின்றிருக்கவே கூடாது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பொது மின்பணியாளர் சான்றிதழுக்கு 8,000 மணி நேர வேலை அனுபவம் காட்ட வேண்டும். அதுவரை பயிலுநர், சான்றிதழ் பெற்ற மின்பணியாளர் ஒருவரின் மேற்பார்வையில்தான் வேலை செய்யலாம். பயிலுநருக்கான வகுப்புகள் அங்குள்ள சமுதாயக் கல்லூரிகளிலும் நடக்கும். தமிழ்நாட்டிலும் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு எழுத 21 வயது நிரம்பியிருப்பதும், ஐந்தாண்டுக்குக் குறையாத செய்முறை அனுபவமும் கேட்கப்படுகின்றன. அந்த ஐந்தாண்டு யாருடைய கண்பார்வையில் கழிந்தது என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை.

ஒப்பந்ததாரரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் பயிலுநருக்கு நாள்தோறும் கூலி கொடுத்தார். கூலி கொடுப்பவர் தனி வேலைக்கும் அனுப்புவார். கூலி இல்லையென்றால் எங்கள் மாணவர்களில் பாதிப்பேர் பணியிடப் பயிற்சிக்கே வர மாட்டார்கள். அவர்கள் வீட்டில் அந்தக் கூலியை எதிர்பார்த்து அரிசி வாங்குகிறார்கள்.

எனக்கு உறுத்தியது வேறொன்று. மருத்துவமனையில் மாணவரிடம், “அந்த அம்மா மெயினை அணைக்க வேண்டாம்னு சொன்னப்போ, பத்து நிமிஷம் காத்திருக்கேன்னு ஏன்ப்பா சொல்லல?” என்று கேட்டேன். “பெரியவங்க சொல்லும்போது எப்படி சார்?” என்றார். எங்கள் பாடத்திட்டத்தில் வாழ்க்கைத் திறன் என்று ஒரு முழுப் பகுதி இருக்கிறது. அதில் தன்னம்பிக்கையும் தகவல் தொடர்பும் கற்பிக்கிறோம். அதை வேறோர் ஆசிரியர், வேறோர் அறையில் எடுக்கிறார். வீட்டுக்காரரிடம் மரியாதை குறையாமல் மறுத்துச் சொல்வதும், “இதை நான் ஒருத்தனாச் செய்ய முடியாது அண்ணே, நீங்களும் வாங்க” என்று ஒப்பந்ததாரரிடம் சொல்வதும் மின்பணியாளருக்குத் திருப்புளி பிடிப்பதைப் போன்ற தொழில் திறனே என்று நாங்கள் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

அதன்பின் அந்த வகுப்பைப் பயிற்சிக்கூடத்திலேயே, பிழைப் பலகைகளுக்கு முன்னால் நடத்துகிறோம். ஒரு மாணவர் வீட்டு அம்மாவாக நிற்பார். மெயினை அணைக்கக் கூடாது என்பதற்கு அவர் சொல்லும் காரணம் உண்மையிலேயே வலுவாக இருக்க வேண்டும் என்பது விதி. நோயாளி, தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை, மாவு அரைத்துக்கொண்டிருக்கும் கிரைண்டர். மற்றவர் மறுக்க வேண்டும், அல்லது காத்திருக்க வேண்டும். முதல் சில வகுப்புகளில் பெரும்பாலோர் ஒரு நிமிடத்துக்குள் இணங்கிப்போனார்கள். பெண் மாணவர்கள் இருவர்தான் முதலில் உறுதியாக நின்றவர்கள். அவர்களில் ஒருவர் சொன்ன பதிலையே இப்போது எல்லோரும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்: “அவருக்கு முடியட்டும்மா, நான் திண்ணையில இருக்கேன்.”

மாவுக்கட்டு பிரித்த பிறகு மாணவர் வகுப்புக்குத் திரும்பினார். அந்த வீட்டின் கம்பிகளைச் சரியான இடத்துக்கு மாற்றும் வேலையைத் தானே செய்ய வேண்டுமென்று கேட்டார். மூத்தவர் பக்கத்தில் நிற்க, மெயினுக்கு முந்திய இணைப்பையும் உரிய முறையில் துண்டிக்கச் செய்த பிறகு, அவர் மாற்றினார். கல்லூரிச் செலவில் ஓர் இ.எல்.சி.பி.யும் பொருத்தினோம். மின்சாரம் கொடுத்ததும் அது உடனே துண்டித்துக்கொண்டது. சமையலறைச் சாக்கெட் ஒன்றில் எர்த்துக்கு மின்சாரம் கசிந்துகொண்டிருந்ததை அவர் ஒன்றேகால் மணி நேரம் தேடிக் கண்டுபிடித்தார்.

பணியிடப் பயிற்சிக்கு மாணவர்களை எடுக்கும் ஒப்பந்ததாரர்களிடம், பயிலுநரைத் தனியாக அனுப்ப மாட்டேன் என்று எழுதி வாங்கும் வழக்கத்தை அந்த ஆண்டு முதல் தொடங்கினோம். முன்பு எங்களிடமிருந்து மாணவர்களை எடுத்துவந்த ஐவரில் இருவர் கையெழுத்திட மறுத்துவிட்டார்கள். அந்த இரண்டு இடங்களுக்கு மாற்று இன்னும் கிடைக்கவில்லை. அதனால் ஒவ்வோர் ஆண்டும் சில மாணவர்கள் இரண்டு மாதம் காத்திருந்துதான் பணியிடப் பயிற்சிக்குப் போகிறார்கள், அந்த இரண்டு மாதக் கூலி அவர்களுக்கு இல்லாமல் போகிறது.